குட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன?

மூன்று வருடங்களாக வாரத்துக்கு இரண்டு முறை காணொளியில் பேசிக்கொள்ளும் சக ஊழியர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்குத் தாய்மொழி ஆங்கிலம். திட்டம், காலக்கெடு, செலவு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் அவரோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுவேன். ஒருநாள் பேச்சுக்கு நடுவே என் பூனை மேசைமேல் ஏறி, கேமராவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "அடடே, யார் இது? எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பூனைக்கு கேட் என்று தெரியும். வால், காது, கண் எல்லாம் தெரியும். ஆனால் மடியில் படுத்தால் தொண்டைக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதற்கு என்ன? முன்னங்கால் இரண்டாலும் போர்வையை மாவு பிசைகிற மாதிரி பிசையுமே, அதை எப்படிச் சொல்வது? எல்லாம் தமிழில் வந்து தொண்டையில் நின்றன. கடைசியில் "இட் இஸ் எ குட் கேட்" என்று சொல்லி முடித்தேன். நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

அன்று இரவே தேடிப் பார்த்தேன். அந்த மோட்டார் சத்தத்துக்கு பர். போர்வையைப் பிசைவதற்கு நீட். மாவு பிசைவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். என் மனசுக்குள் ஓடிய உவமையை அப்படியே சொல்லியிருந்தாலே சரியாக இருந்திருக்கும், சொல்லத் துணியவில்லை. அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான்.

முதல் பக்கத்தில் எழுதியது ஒரு விலங்கின் பெயரைக்கூட அல்ல, இட் என்ற சொல்லை. நான் "இட்" என்றதும் அவர் ஒரு நொடி தயங்கி, "ஹீயா, ஷீயா?" என்று கேட்டிருந்தார். தமிழ் இலக்கணத்தில் விலங்குகள் அஃறிணை, எனவே "அது". ஆங்கில இலக்கணப் புத்தகமும் விலங்குக்கு இட் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் வீட்டில் வளர்க்கும் பிராணியைப் பற்றி அதன் சொந்தக்காரரிடம் பேசும்போது இட் என்றால், ஆங்கிலக் காதுக்குக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அவர்கள் ஹீ, ஷீ என்றுதான் சொல்வார்கள். நாம் மட்டும் என்ன, இலக்கணத்தில் அஃறிணை என்று எழுதிவிட்டு, வீட்டு நாயை "அவன் இன்னும் சாப்பிடல" என்று சொல்கிறவர்கள்தானே. தெரு நாய், காட்டு விலங்கு, பூச்சி என்றால் இட் போதும். ஒருவர் வளர்க்கும் பிராணி என்றால், அவர் எப்படிச் சொல்கிறார் என்று காதில் வாங்கிக்கொண்டு அதையே சொல்வது நல்லது. தெரியாவிட்டால் "இஸ் இட் எ ஹீ ஆர் எ ஷீ?" என்று கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. என் பூனை ஷீ.

நாம் விலங்குகளின் ஆங்கிலத்தைக் கற்றது சுவரில் தொங்கும் படத்தாளில். ஏ என்றால் ஆன்ட், இசட் என்றால் ஜீப்ரா. எக்ஸில் தொடங்கும் விலங்கு கிடைக்காமல் அங்கே ஏதாவது ஒரு எக்ஸ்-ரே மீனைப் போட்டிருப்பார்கள். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அதில் பெரிதாக நிற்கும். நிஜ வாழ்க்கையில் ஜீப்ராவைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்போம்? நாம் அன்றாடம் பேசுவது பூனை, நாய், மாடு, காகம், பல்லி, கொசு, கரப்பான் பற்றி. அதிலும் பெயரைச் சொல்வதில் சிக்கல் இல்லை. அந்தப் பெயரைச் சுற்றியுள்ள சொற்களில்தான் மாட்டிக்கொள்கிறோம். அது என்ன சத்தம் போட்டது, கடித்ததா கொட்டியதா, எத்தனை குட்டி, ஆணா பெண்ணா.

குட்டி என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பேச்சுத் தமிழில் அது ஒரு சாவி மாதிரி, பல பூட்டுகளைத் திறக்கும். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, ஆட்டுக்குட்டி, பன்றிக்குட்டி, குதிரைக்குட்டி, புலிக்குட்டி. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி. நாய்க்கு பப்பி, பூனைக்கு கிட்டன், செம்மறிக்கு லாம்ப், வெள்ளாட்டுக்கு கிட், பன்றிக்கு பிக்லெட், குதிரைக்கு ஃபோல், மானுக்கு ஃபான். சிங்கம், புலி, கரடி, நரி போன்ற வேட்டையாடும் விலங்குகளின் குட்டிக்கு கப். தமிழ் எழுத்தில் எழுதினால் தேநீர்க் கோப்பையும் கப்தான், என்ன செய்வது. பசு, எருமை, யானை, திமிங்கிலம், ஒட்டகச்சிவிங்கி என்று பெரிய உடம்புக்காரர்களின் குட்டிக்கெல்லாம் காஃப். தமிழிலும் மாட்டுக்கும் யானைக்கும் கன்று என்ற சொல் பொதுவாக இருப்பதால் இதை நினைவில் வைப்பது சுலபம். கெண்டைக்காலுக்கும் ஆங்கிலத்தில் காஃப் என்றே பெயர். அவர்கள் காலில் கன்று, நம் காலில் கெண்டை மீன்.

பறவைக்குஞ்சுக்குப் பொதுவாக சிக், வாத்துக்குஞ்சு டக்லிங். தவளையின் தலைப்பிரட்டை டேட்போல். எலி, வௌவால், கடல்நாய், சுறா இவற்றின் குட்டிகளை பப் என்பார்கள். சுறாவும் நாயும் அந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்கள். கிட் என்றால் குழந்தை என்றுதான் நமக்கு முதலில் தெரியும். உண்மையில் ஆட்டுக்குட்டிதான் மூத்த பொருள். குழந்தை என்பது பிறகு கொச்சை வழக்காக ஒட்டிக்கொண்டது. நாமும் குழந்தையைக் குட்டி என்று கொஞ்சுகிறோமே, அதே கதை. போனி என்பது குதிரைக்குட்டி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போனி என்பது உருவத்தில் சிறிய குதிரை. அது கிழவனானாலும் போனிதான்.

ஆங்கிலம் இப்படி நுணுக்கம் பார்க்கிறதே, தமிழ் சோம்பேறியா என்று கேட்டால், இல்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பள்ளியில் சிங்கக்குருளை, புலிப்பறழ் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினோம். அப்புறம் வெளியே வந்து எல்லாவற்றையும் குட்டி என்று சொல்லிவிட்டோம். ஆங்கிலக்காரர்கள் கப், காஃப், ஃபோல் என்பவற்றைப் பேச்சிலும் விடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் குட்டி விவகாரத்தில் நான் செய்த பெரிய சொதப்பல் ஒன்று உண்டு. என் பூனை குட்டி போட்டது. தமிழில் பேசும்போது "டெலிவரி ஆயிடுச்சு" என்று சொல்லிப் பழகிய வாய். அடுத்த நாள் அழைப்பில் உற்சாகமாக, "மை கேட் காட் டெலிவர்ட்" என்றேன். அவர் குழப்பத்தோடு, "இன்னொரு பூனை வாங்கினாயா?" என்றார். பொட்டலத்தில் வைத்துப் பூனையை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று நினைத்திருக்கிறார்! "ஷீ ஹேட் ஃபோர் கிட்டன்ஸ்" என்றால் போதுமாம். ஈன்றாள், பெற்றாள், போட்டாள் எல்லாவற்றுக்கும் அந்த எளிய ஹேட் வேலை செய்கிறது. கால்நடை வளர்ப்பவர்கள் மட்டும் பசு கன்று ஈன்றதை காவ்ட் என்றும் செம்மறி ஈன்றதை லாம்ப்ட் என்றும் குட்டியின் பெயரையே வினையாக்கிச் சொல்வார்கள். முட்டை இடுவதற்கு லே, பொரிவதற்கு ஹேட்ச். அடைகாக்கத் துடிக்கும் கோழிக்கு ப்ரூடி என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. எதையோ நினைத்து உம்மென்று உட்கார்ந்திருக்கும் மனிதரைச் சொல்லும் ப்ரூடிங்கும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அடைக்கோழியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் எல்லாம் சேர்ந்து லிட்டர். அதே சொல்லுக்குக் குப்பை என்றும் பொருள், பூனை மலங்கழிக்கும் மணலும் லிட்டர்தான். ஒரே வீட்டில் மூன்று லிட்டரும் இருந்தபோது யாரிடமும் அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசாமல் இருந்ததே நல்லது. இனிமேல் குட்டி வேண்டாம் என்று மருத்துவரிடம் அழைத்துப்போனபோது இன்னொரு சொல் கிடைத்தது. பெண் விலங்குக்குக் கருத்தடை அறுவை செய்வது ஸ்பே, பொதுவாக இருபாலுக்கும் நியூட்டர்.

அடுத்தது மாடு. இங்கே நான் கொஞ்சம் தங்கப்போகிறேன், ஏனென்றால் விலங்குச் சொற்களில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வளைந்த கொம்போடு கம்பீரமாக நிற்கும் ஒரு காளையின் படத்தை அனுப்பி, "பியூட்டிஃபுல் கவ்" என்று எழுதினேன். "அழகுதான், ஆனால் அது கவ் இல்லையே" என்று பதில் வந்தது. சரி, "மேல் கவ்" என்று திருத்தினேன். அதற்குச் சிரிப்புப் படம் மட்டும் வந்தது.

கவ் என்பது பசு. ஆண் பசு என்று சொன்னால் எப்படி இருக்கும்? காளை புல். காயடித்து வண்டிக்கும் ஏருக்கும் பழக்கியது ஆக்ஸ். இன்னும் கன்று ஈனாத இளம் பசு ஹெஃபர். கிடேரி என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாம் சரி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் தூரத்தில் ஒன்று நிற்கிறது. தமிழில் ஒரு மாடு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆங்கிலத்தில்? கேட்டில் என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது கூட்டத்துக்கு மட்டும். எ கேட்டில் என்று ஒற்றை மாட்டைச் சொல்ல முடியாது. ஆண், பெண் பாராமல் ஒரே ஒரு மாட்டைக் குறிக்க அன்றாட ஆங்கிலத்தில் சரியான சொல்லே இல்லை. அதனால்தான் அவர்களும் பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் கவ் என்று விடுவது உண்டு. உலகமெல்லாம் பரவிய மொழிக்கு ஒற்றை மாட்டைச் சுட்டச் சொல் இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கேட்டில் என்ற சொல்லின் பழைய பொருள் சொத்து. மூலதனத்தைக் குறிக்கும் கேபிடல் என்ற சொல்லும் அதுவும் ஒரே லத்தீன் மூலத்திலிருந்து கிளைத்தவை. 400-ஆம் குறளில் "மாடல்ல மற்றை யவை" என்று வருகிறது. அங்கே மாடு என்றால் செல்வம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் மாட்டையும் சொத்தையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

மாட்டைப் போலவே ஆடும். வெள்ளாடு, செம்மறியாடு இரண்டுக்கும் நமக்கு ஆடு பொது. ஆங்கிலத்தில் கோட் வேறு, ஷீப் வேறு. விலங்கியலிலும் வேறுதான்: வெள்ளாட்டுக்குக் குரோமோசோம்கள் 60, செம்மறிக்கு 54. தூரத்திலிருந்து பார்த்தால் வாலைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளாட்டுக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், செம்மறிக்குத் தொங்கும். செம்மறிக் கிடா ரேம், பெண் செம்மறியின் பெயர் ஒலிக்கும்போது யூ. "நீ" என்பதற்கும் அதே ஒலி என்பதால், செம்மறி மந்தையைப் பற்றிப் பேசும்போது எதிரில் இருப்பவர் தன்னைச் சொன்னதாக நினைத்துக்கொள்ளலாம்.

மனிதன் எந்த விலங்கோடு அதிகம் புழங்கினானோ, எதை விற்று வாங்கினானோ, அதற்குத்தான் மொழியில் சொற்கள் மண்டிக்கிடக்கின்றன. குதிரைக்கு ஆங்கிலத்தில் ஆண் ஸ்டாலியன், பெண் மேர், காயடித்தது கெல்டிங், ஆண் குட்டி கோல்ட், பெண் குட்டி ஃபில்லி. நடை, ஓட்டத்துக்குக்கூட வாக், ட்ராட், கேன்டர், கேலப் என்று நான்கு படி. ஒட்டகச்சிவிங்கிக்கு அவர்கள் இவ்வளவு மெனக்கெடவில்லை. ஆண் என்றால் புல், பெண் என்றால் கவ், குட்டி என்றால் காஃப் என்று மாட்டுச் சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். யானைக்கும் திமிங்கிலத்துக்கும் அப்படியே. பெண் திமிங்கிலம் கவ் என்று முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். களிறு, பிடி என்று யானைக்குத் தனித்தனியாகப் பெயர் வைத்த மொழிக்காரனுக்கு இது கொஞ்சம் சிக்கனமாகத்தான் படும்.

சத்தத்துக்கு வருவோம். "தி டாக் இஸ் ஷவுட்டிங்" என்று சொல்லாத தமிழர் யார்? பேச்சில் நமக்கு நாய், பூனை, கழுதை, தவளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கத்துவார்கள். ஆங்கிலத்தில் ஷவுட் மனிதனுக்கு மட்டும். நாய் குரைத்தால் பார்க், உறுமினால் க்ரௌல், ஊளையிட்டால் ஹவ்ல், முனகினால் வைன். பூனை மியாவ், எரிச்சல் வந்தால் ஹிஸ். பாம்பு சீறுவதும் ஹிஸ்தான். மாடு மூ, குதிரை நே, கழுதை ப்ரே, ஆடு ப்ளீட், சிங்கம் ரோர், சேவல் க்ரோ, வண்டு பஸ். யானை பிளிறுவது ட்ரம்பெட், ஊதுகிற அதே ட்ரம்பெட். சிங்கம் கர்ஜிக்கும், சிவிங்கிப்புலியால் அது முடியாது. அது என் பூனை மாதிரி பர் என்று சத்தம் எழுப்பும். இத்தனையும் ஒரே நாளில் மண்டையில் ஏறாது. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் "இட்ஸ் மேக்கிங் எ நாய்ஸ்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஷவுட்டை விட அது பரவாயில்லை.

இதிலும் நம் பக்கம் பலமானதுதான். மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கோழி கொக்கரிக்கும், வண்டு முரலும். ஆனால் என் பூனையின் அந்த பர் ஒலிக்குத் தமிழில் எல்லோரும் சொல்கிற ஒரு வினைச்சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. குர்குர் என்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.

நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு இரண்டு என்ற கணக்கில் வருபவை நோட்டில் நாலைந்து பக்கம் இருக்கின்றன. மாட்டுக்கும் மானுக்கும் இருப்பதை நாம் கொம்பு என்போம். ஆங்கிலத்தில் மாட்டுக்கு ஹார்ன், மானுக்கு ஆன்ட்லர். காரணம் இல்லாமல் பிரிக்கவில்லை. மாட்டுக்கொம்பு உள்ளே எலும்பு, வெளியே நகத்தின் பொருளால் ஆன உறை, ஆயுசுக்கும் நிற்கும். மான் கொம்பு முழுவதும் எலும்பு, கிளைவிடும், வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். நிலத்து ஆமை டார்ட்டாய்ஸ், நீரில் வாழ்வது டர்ட்டில். அமெரிக்கர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் டர்ட்டில் என்றே சொல்வார்கள். குரங்குக்கு மங்கி. ஆனால் சிம்பன்சி, கொரில்லா போன்ற வாலில்லாதவை ஏப். தின்றால் நஞ்சாகிற உயிரினம் பாய்சனஸ். கடித்தோ கொட்டியோ நஞ்சை உள்ளே செலுத்தினால் வெனமஸ். எனவே நாகப்பாம்பு வெனமஸ். பேச்சில் இந்த வித்தியாசத்தை அவர்களே பல நேரம் காப்பாற்றுவதில்லை என்பதால் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

கடிப்பதும் கொட்டுவதும் மட்டும் அப்படியே பொருந்துகின்றன. நாய், பாம்பு, கொசு கடித்தால் பைட். தேள், தேனீ, குளவி கொட்டினால் ஸ்டிங். தமிழில் எது வாயில் வருகிறதோ அதை மொழிபெயர்த்தாலே சரியாகப் போய்விடும். இருந்தும் கொசுவுக்கு ஸ்டிங் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரு நாயை வைல்ட் டாக் என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவன்தான். வைல்ட் டாக் என்றால் காட்டில் வாழும் செந்நாய் போன்ற இனங்கள். தெருவில் திரிவது ஸ்ட்ரே. மனிதர் வாசனையே இல்லாமல் வளர்ந்துவிட்ட வீட்டு இன விலங்கு ஃபெரல்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி என்று நம் வாயில் சாதாரணமாகப் புழங்கும் ஐந்தையும் சராசரி ஆங்கிலக்காரர் லிசர்ட் என்று ஒரே கூடையில் போடுவார். கெக்கோ, ஸ்கின்க், மானிட்டர், கமீலியன் எல்லாம் அகராதியில் இருக்கின்றன, ஆனால் ஆர்வம் உள்ளவர்கள்தான் பிரித்துச் சொல்வார்கள். எலியிலும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. எலி ரேட், சுண்டெலி மவுஸ், பெருச்சாளி பேண்டிகூட். இந்தப் பேண்டிகூட் தெலுங்கின் பந்திகொக்குவிலிருந்து போனது, பன்றி எலி என்று பொருள். மூஞ்சூறு எலியே அல்ல, கொறிக்கும் இனத்தில் சேராத ஷ்ரூ.

பெயர்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் நிறுத்த முடியாது. முள்ளம்பன்றிக்கு ஆங்கிலத்தில் போர்க்குபைன். பழைய பிரெஞ்சில் அதற்கு முள் பன்றி என்று பொருள். நாமும் அதே பெயரை வைத்திருக்கிறோம், இத்தனைக்கும் அது பன்றியே இல்லை. நீர்யானைக்கு அவர்கள் கிரேக்கத்திலிருந்து எடுத்த ஹிப்போபொட்டாமஸ், ஆற்றுக் குதிரை. அந்த உடம்பைப் பார்த்துக் குதிரை என்று தோன்றியிருக்கிறது, யானை என்ற நம் ஆட்களின் பார்வைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒட்டகச்சிவிங்கி என்றால் ஒட்டகம், அதோடு சிவிங்கி. உடம்பு ஒட்டகம், புள்ளி சிவிங்கிப்புலி. ஜிராஃப் என்ற சொல் நிலைப்பதற்கு முன்னால் ஆங்கிலத்தில் அதன் பெயர் கேமலோபார்ட். அதுவும் ஒட்டகச் சிறுத்தைதான். அறிவியல் பெயரில் இன்றைக்கும் கேமலோபார்டாலிஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டியர் என்ற மானின் பெயரும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் விலங்கு என்ற பொதுப் பொருளில் இருந்தது. பிறகு சுருங்கி மானுக்கு மட்டும் ஆனது. நாம் விலங்குக்குச் சொல்லும் மிருகம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே மிருக என்றால் காட்டு விலங்கு, குறிப்பாக மான். ஒரே இரண்டு பொருளுக்கு நடுவில் அவர்கள் ஒரு பக்கமாக நடந்தார்கள், நாம் மறுபக்கமாக.

பன்மையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டியர், ஷீப் இரண்டும் பன்மையிலும் மாறாது, ஃபிஷும் பெரும்பாலும் அப்படித்தான். மவுஸ் மைஸாகும், கூஸ் கீஸாகும், ஆக்ஸ் ஆக்ஸனாகும். ஆனால் கீரிப்பிள்ளையைக் குறிக்கும் மங்கூஸ் பன்மையில் மங்கூஸஸ். அதற்கும் கூஸுக்கும் உறவே கிடையாது, அது மராத்தியிலிருந்து போன சொல். கூட்டத்துக்கு மாடு, யானை என்றால் ஹெர்ட், ஆடும் பறவையும் என்றால் ஃப்ளாக், ஓநாய்க்கு பேக், மீனுக்கு ஸ்கூல், தேனீக்கு ஸ்வார்ம். இவை போதும். காக்கைக் கூட்டத்தைக் கொலை என்று சொல்லும் "எ மர்டர் ஆஃப் க்ரோஸ்" மாதிரி அலங்காரங்கள் 15-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் இடம்பெற்றவை. வினாடி வினாவுக்கு ஆகும், பேச்சுக்கு உதவாது.

இறைச்சிக்குப் பெயர் மாறுவது ஏன் என்று பலர் கேட்பார்கள். விலங்கு கவ், இறைச்சி பீஃப். விலங்கு பிக், இறைச்சி போர்க். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆள்பவர்களின் மொழி பிரெஞ்சு, உழைப்பவர்களின் மொழி ஆங்கிலம். விலங்குக்கு ஆங்கிலப் பெயரே நின்றது, தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் ஏறிக்கொண்டது. கோழி, மீன் போன்றவை உயிரோடு இருந்தபோதும் இறந்தபின்னும் அதே பெயரில் இருக்கின்றன.

உச்சரிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஷீப்பில் ஈயை நீட்டாவிட்டால் கப்பலாகிவிடும். "ஐ சா எ பிக் ஷிப் ஆன் தி ஹில்" என்று நான் சொன்னபோது எதிர்முனையில் நீண்ட மௌனம்.

போன மாதம் அந்தச் சக ஊழியர் தமிழில் ஒரு சொல் சொல்லிக்கொடு என்றார். என் பூனைக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டதால், யோசிக்காமல் குட்டி என்றேன். நாய்க்கும் குட்டி, ஆட்டுக்கும் குட்டி, குழந்தைக்கும் குட்டி, ஒரு சொல்லைக் கற்றால் போதும் என்று பெருமையாக வேறு சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் வாத்துக் குஞ்சுகளின் படம் அனுப்பி, "வாத்துக் குட்டி" என்று எழுதியிருந்தார். பறவைக்குக் குட்டி வராது, குஞ்சு என்றேன். சரி என்று கன்றுக்குட்டியின் படம் அனுப்பி, "மாட்டுக் குட்டி" என்றார். அது கன்று, இல்லாவிட்டால் கன்றுக்குட்டி என்றேன். "அப்படியானால் கன்று ஏற்கனவே குட்டி இல்லையா, எதற்கு இன்னொரு குட்டி?" என்று கேட்டார். இதற்கு நேரம் கேட்டு வாங்கினேன். அதற்குள் அவர் அணில் பிள்ளை, கீரிப்பிள்ளை என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "பிள்ளை என்றாலும் குட்டிதானே, அப்படியென்றால் பெரிய கீரிக்கு என்ன பெயர்?" என்றார்.

பெரிய கீரியும் கீரிப்பிள்ளைதான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, என்னவோ எழுத ஆரம்பித்தார்.